சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் படிக்க முடியுமா?

இந்தக் கடிதத்தை எழுதியவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. வயது 20. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள், இவர் இங்கேயே பிறந்தவர், கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பிரெஞ்சைப் பள்ளியில் ஏ லெவல் வரை படித்திருக்கிறார். ஸ்பானிஷைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அகர முதல் தொடங்கியிருக்கிறார். நான்கு ஆண்டுப் படிப்பு, அதில் மூன்றாவது ஆண்டு முழுக்க வெளிநாட்டில், அதாவது இயர் அப்ராட். 2026 செப்டம்பரில் போக வேண்டும். எங்கே போகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

வீட்டில் பிரச்சினை. "வெளிநாட்டில போய் இருக்கிறதுக்கு இன்னொரு ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டா?" என்கிறார் அம்மா. "பெம்பிளப் பிள்ளை தனிய எங்க போறது, பாரிசில சித்தப்பா வீட்டில நிண்டு படிக்கலாம்தானே" என்பது அப்பா. சித்தப்பாவுக்குப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடை இருக்கிறது, சனி ஞாயிறில் அங்கே கைகொடுக்கலாம், மூன்று மாதம் விசா இல்லாமலே இருக்கலாம், பிறகு லண்டனுக்குத் திரும்பி வந்து மிச்சத்தை ஆன்லைனில் படித்துக்கொள்ளலாம் என்று அப்பா ஒரு திட்டமே போட்டுவிட்டார். மாணவி முக்கியமாகக் கேட்பது இரண்டு. இயர் அப்ராடையே விட்டுவிட்டு மூன்று ஆண்டில் பட்டத்தை முடிக்க முடியுமா? முடியாது என்றால், அந்த ஆண்டின் மதிப்பெண் கணக்கில் வராது என்பதால் சித்தப்பா வீட்டிலேயே இருந்துவிட்டு வந்தால் என்ன?

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இப்படி ஒரு வரி: "அக்கா, உண்மையைச் சொன்னால் எனக்கே பயம். என் ஸ்பானிஷ் மோசம், வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. அப்பா வேண்டாம் என்று சொன்னபோது உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது."

தங்கச்சி, நான் அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மேலே இருக்கும் ஒன்றரைப் பக்கத்தையும் விட உங்கள் பிரச்சினை அதில்தான் இருக்கிறது. மொழி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இயர் அப்ராட் வேண்டாம் என்று என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் முதலில் சொல்லும் காரணம் வீடு, காசு, காதலன், பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அரை மணி நேரம் பேசிய பிறகுதான், "அங்கே போய் ஒரு வார்த்தையும் பேச வராமல் நின்றுவிட்டால்?" என்ற கேள்வி வரும். அப்பாவின் பயம் வேறு, உங்கள் பயம் வேறு. அப்பாவுடையதுக்கு விவரம் மருந்து: முகவரி, தொலைபேசி எண், யார் பொறுப்பு, எவ்வளவு செலவு. உங்களுடையதை விவரத்தால் தீர்க்க முடியாது, அதற்கு வேறு வழி. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால், அப்பா நாளைக்கே மனம் மாறிச் சரி போ என்றாலும் நீங்கள் இன்னொரு காரணம் தேடுவீர்கள்.

விட்டுவிட முடியுமா?

சில இடங்களில் முடியும். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல ஒரு படிவத்தில் டிக் போடும் விஷயம் இல்லை. பெரும்பாலான மொழித் துறைகளில் இயர் அப்ராட் பட்டத்தின் கட்டாயப் பகுதி. விலக்கு கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை. உடல்நலம், மனநலம், வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு, மாற்றுத்திறன் போன்ற காரணங்களுக்கு ஆதாரத்தோடு கேட்டால் துறை பரிசீலிக்க வேண்டும். மாற்றுத்திறன் என்றால் 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதரும் கடமையே அவர்களுக்கு உண்டு. ஆனால் "அப்பாவுக்கு விருப்பமில்லை" என்பது அந்தப் பட்டியலில் வராது. உங்களுக்கு 20 வயது. உங்கள் அனுமதி இல்லாமல் பல்கலைக்கழகம் அப்பாவிடம் உங்களைப் பற்றிப் பேசவே பேசாது, அவர் போன் செய்தாலும் சரி.

விலக்கு கிடைத்தாலும் படிப்பின் பெயரும் குறியீடும் மாறும், மாணவர் கடன் தரும் அரசு அமைப்பான ஸ்டூடண்ட் ஃபைனான்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். அதெல்லாம் காகித வேலை, ஆகிவிடும். எனக்குக் கவலை அடுத்த கல்வியாண்டின் அக்டோபர்தான். உங்கள் வகுப்புத் தோழர்கள் அப்போது ஸ்பெயினிலோ பிரான்சிலோ இருப்பார்கள். இறுதியாண்டு ஸ்பானிஷ் வகுப்பில் உங்களோடு உட்காரப்போகிறவர்கள் உங்களுக்கு முந்தைய ஆண்டில் சேர்ந்து, பத்து மாதம் அங்கே வாழ்ந்து, வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, பல் வலிக்கு டாக்டரிடம் போய்த் திரும்பியவர்கள். ஆசிரியரும் அந்த வேகத்துக்குத்தான் பாடம் நடத்துவார். ஏ லெவல் பிரெஞ்சை வைத்துப் பிரெஞ்சு வகுப்பைச் சமாளித்துவிடுவீர்கள். இரண்டு ஆண்டு ஸ்பானிஷை வைத்து அந்த அறையில் உட்கார்ந்தால், இப்போது திறக்காத வாய் அப்போதும் திறக்காது. நான் இருந்த ஒரு துறையில் ஒரு பையனுக்கு விலக்கு வாங்கிக் கொடுத்தோம், காரணமும் நியாயமானதுதான். ஆனால் பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அவன் என் அறையில் வந்து உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மதிப்பெண் கணக்கில் வராதா?

இது இடத்துக்கு இடம் வேறு. சில பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டுக்கு இறுதி வகுப்புத் தரத்தில் ஒரு பங்கு கொடுக்கும், சில வெறும் தேர்ச்சி என்று வைத்திருக்கும். உங்கள் துறையின் கையேட்டைத் திறந்து பாருங்கள், யாரோ மேல் வகுப்பு அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள். வெறும் தேர்ச்சி என்றாலும் தேர்ச்சி பெறத்தான் வேண்டும். அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இத்தனை பாடம் எடுக்கிறேன் என்று ஓர் ஒப்பந்தம் எழுதுவீர்கள், முழு ஆண்டு என்றால் வழக்கமாக 60 ஐரோப்பிய கிரெடிட்டை ஒட்டி வரும், இதில் எவ்வளவு தேறினால் போதும் என்பதைத் துறை சொல்லும். லண்டனில் உட்கார்ந்து ஆன்லைனில் முடிக்கிறேன் என்றால் அது இயர் அப்ராட் ஆகாது. துறை ஒத்துக்கொள்ளாது, கடன் கணக்கும் குழம்பிவிடும்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு பதற வேண்டாம். பிரான்சில் மதிப்பெண் 20க்கு. 10 எடுத்தால் தேர்ச்சி, 14 எடுத்தால் நல்ல மாணவர், 16 வந்தால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். ஸ்பெயினில் 10க்கு: 5 தேர்ச்சி, 7 நல்ல மதிப்பெண், 9 மிகச் சிறப்பு. ஒவ்வொரு ஜனவரியும் "எனக்கு 11தான், நான் ஃபெயிலா" என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பாமல் இருந்ததில்லை.

அம்மாவின் கணக்கு

அம்மா நினைக்கும் தொகை தவறு, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் முழுக் கல்வியாண்டையும் வெளிநாட்டில் படிக்கும் மாணவரிடம் பல்கலைக்கழகம் உச்சக் கட்டணத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 2025-26இல் உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு, ஆக வெளிநாட்டு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,430 பவுண்டு. நீங்கள் போகும் ஆண்டில் இது சற்றுக் கூடலாம், ஆனால் விகிதம் இதுதான். அதற்கும் கட்டணக் கடன் உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறீர்கள் என்றால் அங்கே உள்ள பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

வாழ்க்கைச் செலவுக் கடன் நின்றுவிடாது, அது கூடும். லண்டனுக்கு வெளியே வீட்டைவிட்டுத் தங்கிப் படிப்பவருக்கு 2025-26இல் அதிகபட்சம் 10,544 பவுண்டு, வெளிநாட்டில் இருப்பவருக்கு 12,076. இது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, ஆகவே உங்களுக்கு உச்சத் தொகையே வரும் என்று நான் சொல்லவில்லை. குடும்ப வருமானம் குறைவு என்றால் பயணச் செலவுக்குத் திருப்பித் தர வேண்டாத ஒரு மானியமும் உண்டு, முதல் 303 பவுண்டு உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் போனதைக் கேட்கலாம். பயண ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.

அப்பா சொன்னதாக நீங்கள் எழுதிய எராஸ்மஸ் உதவித்தொகை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டப் பணம்? அவருடைய நண்பரின் மகன் போன காலத்தில் இருந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதோடு அதிலிருந்தும் விலகியது, 2021-22இலிருந்து அதன் இடத்தில் பிரிட்டனின் சொந்த டூரிங் திட்டம் வந்தது. 2027இல் எராஸ்மஸில் மறுபடி சேர்வதாக அரசு அறிவித்திருக்கிறது, ஆனால் நீங்கள் 2026இலேயே கிளம்புகிறீர்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டூரிங் பணம் ஒவ்வொரு ஆண்டும் பல்கலைக்கழகம் விண்ணப்பித்து வாங்குவது. எவ்வளவு கிடைக்கும் என்பது தாமதமாகத்தான் தெரியும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் கூடுதல் தொகையும், விசா, பயணம், காப்பீடு போன்ற செலவுக்குத் தனி உதவியும் உண்டு. இயர் அப்ராட் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

உண்மையான நெருக்கடி செப்டம்பரில் வரும். கடனின் முதல் தவணை கல்வியாண்டு தொடங்கிப் பதிவு முடிந்த பிறகுதான் கணக்குக்கு வரும், அறை வாடகையும் முன்பணமும் அதற்கு முன்பே கேட்பார்கள். அப்பா உதவ விரும்பினால் அந்த முதல் ஆறு வாரத்துக்கு உதவச் சொல்லுங்கள்.

90 நாள்

அப்பாவின் திட்டத்தில் இருக்கும் 90 நாள், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள், அதுவும் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பிரான்சில் 90 இருந்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய் இன்னொரு 90 என்பது கிடையாது. முன்பெல்லாம் பாஸ்போர்ட் முத்திரையை எண்ணிப் பார்க்கச் சோம்பல்பட்ட அதிகாரிகளும் இருந்தார்கள், 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் கைரேகையும் முகமும் பதிந்து கணினியே நாளை எண்ணுகிறது. முழு ஆண்டு என்றால் மாணவர் விசா வேண்டும், வேறு வழி இல்லை.

கடை விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். விசா இல்லாத 90 நாளில் சித்தப்பா கடையில் கல்லாவில் உட்கார்வது சட்டப்படி வேலை. சொந்தக்காரர் கடை என்பதோ, கையில் காசு வாங்கவில்லை என்பதோ காப்பாற்றாது. ஆய்வுக்கு ஆள் வந்தால் முதலில் மாட்டுவது சித்தப்பாதான், உங்கள் பெயரும் சேர்ந்து எழுதப்படும். பிரான்சின் மாணவர் விசாவில் போனால் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஆனால் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றோடும். அப்படிச் செய்யச் சித்தப்பா தயாரா என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, எங்கே போவது?

உங்கள் கடிதம் முழுக்க பாரிஸ், பாரிஸ், பாரிஸ். ஸ்பெயின் ஒரே ஓர் இடத்தில், அதுவும் "ஸ்பெயினுக்கு எப்போதாவது ஒரு வாரம் போய்ப் பார்க்கலாம்" என்று வருகிறது. நான் இதை நேர் எதிராகத் திருப்பிப் போடுவேன். முழுக் கல்வியாண்டும் ஸ்பெயினில், கோடையில் எட்டு வாரம் பாரிசில்.

காரணம் எளிது. உங்கள் பிரெஞ்சு நிற்கப் பழகிவிட்டது, ஸ்பானிஷ் இப்போதுதான் தவழ்கிறது. பத்து மாதத்தை எதற்குக் கொடுப்பீர்கள்? ஆண்டைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது ஒரு காலத்தில் எல்லோரும் செய்தது, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது இரண்டு விசா, இரண்டு வாடகை ஒப்பந்தம், இரண்டு பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஊரில் நான்கு பேரோடு பழகத் தொடங்கிய ஜனவரியில் பெட்டியைக் கட்டுவது. ஆனால் பிரான்சில் முழு ஆண்டு, கோடையில் ஸ்பெயின் என்று துறை கட்டாயப்படுத்தினால் அதுவும் நடக்கும்: பிரான்சின் நீண்டகால விசாவில் அந்த நாட்டில் இருந்த நாட்கள் அந்த 90இல் சேராது, ஆகவே சலமான்காவிலோ கிரனடாவிலோ பத்து வாரம் ஸ்பானிஷ் வகுப்புக்கு விசா இல்லாமலே போகலாம். இரண்டு மொழிக்கும் குறைந்தது எத்தனை வாரம் அந்தந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று துறைக்கு ஒரு விதி இருக்கும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், என் யோசனை அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது சித்தப்பா வீடு. கடிதத்தைப் படித்ததும் எல்லா ஆலோசகர்களும் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன்: சொந்தக்காரர் வீட்டில் தங்காதே, தமிழிலேயே பேசிவிட்டுத் திரும்பி வருவாய். லா சப்பலில் காலையில் பால் வாங்குவதிலிருந்து தலைமுடி வெட்டுவது வரை தமிழிலேயே முடித்துவிடலாம் என்பது போனவர்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பாவுக்கு 17 வயதில் ஒரு மகளும் 19 வயதில் ஒரு மகனும், இரண்டு பேரும் தங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேசுகிறார்கள், பாதி உங்களுக்குப் புரிவதில்லை. புரியாதுதான், ஏனென்றால் அந்த வயதுப் பிள்ளைகள் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பேசுகிற வெர்லான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஃபாம் என்றால் பெண், அதைத் திருப்பி மெஃப். ஃபூ என்றால் பைத்தியம், திருப்பி ஊஃப். ஆக அந்த வீட்டின் வரவேற்பறையில் தமிழ், மேல்மாடியில் உயிருள்ள பிரெஞ்சு. பத்து மாதம் என்றால் வரவேற்பறை ஜெயித்துவிடும். எட்டு வாரம், அந்தத் தங்கையோடு "எனக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழும் தெரியாது" என்று ஒரு பந்தயம் வைத்துக்கொண்டால், அது எந்தக் கோடை வகுப்பையும் விட மேல். அப்பாவுக்கும் மனம் ஆறும், சித்தப்பாவுக்கும் வருத்தம் வராது.

ஸ்பெயினில் மட்டும் தயவுசெய்து மற்ற ஆங்கிலேய மாணவர்களோடு ஒரே ஃபிளாட் எடுக்காதீர்கள். விடுதியைவிட, ஸ்பானிஷ் மாணவர்கள் இருக்கும் பகிர்வு வீட்டில் ஓர் அறை. காலையில் தூக்கக் கலக்கத்தோடு சமையலறையில் யாரைப் பார்க்கிறீர்கள், அவரோடு எந்த மொழியில் "பால் முடிஞ்சிடுச்சு" என்று சொல்கிறீர்கள் என்பதில்தான் அந்த ஆண்டு தீர்மானமாகும். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. முதல் பத்து நாளுக்கு ஏதாவது ஒரு விடுதியில் தங்கி நேரில் பார்த்து எடுங்கள்.

பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகப் பள்ளிகளில் மொழி உதவியாளராகப் போகும் வழியும் உண்டு என்று உங்கள் டியூட்டர் சொல்லியிருப்பார். ஸ்பெயினில் வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேரம், மாதம் 700 முதல் 1,000 யூரோ வரை, காசுக்கு நல்லது. ஆனால் அங்கே உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஆங்கிலம் பேசுவதற்கு. உங்கள் நிலையில் நான் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுப்பேன்.

அந்த வாய் திறக்காத பயம்

ஒன்பது வயதில் அம்மாவோடு டாக்டரிடம் போய் அம்மாவின் முதுகு வலியை ஆங்கிலத்தில் விளக்கியதாக எழுதியிருக்கிறீர்கள், "அதெல்லாம் மொழிபெயர்ப்பில் சேராது" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். சேரும், தங்கச்சி. உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அந்த அனுபவம் இருக்கும்?

இன்னொன்று, சின்ன விஷயம். பெரோ என்றால் ஸ்பானிஷில் 'ஆனால்', பெறோ என்றால் நாய். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நாக்கைச் சுழற்றுகிறார்கள். உங்கள் அம்மம்மா 'அரை' என்பதையும் 'அறை' என்பதையும் எப்படிச் சொல்கிறார் என்று இந்த வாரம் போன் செய்து கேளுங்கள். அந்த ர, இந்த ற, அதேதான். ஸ்பானிஷில் 'நீ' என்று பொருள்படும் 'து'வில் வரும் ஒலியும் நம்முடைய பல்லில் நாக்குத் தொடும் த, ஆங்கிலேயர்களின் ட மாதிரி ஒலி இல்லை. அம்மம்மா கொடுத்த நாக்கு ஸ்பெயினுக்குப் பாதி வழி ஏற்கெனவே போய்விட்டது. இலக்கணத்தில் தடுக்கி விழுவீர்கள், விழுங்கள். கடைக்காரர் இலக்கணம் பார்த்து ரொட்டி கொடுப்பதில்லை.

அக்டோபர் கடைசி, நவம்பரில் மனம் கீழே போகும், இது வராத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஊர் புதுமை தீர்ந்து, நண்பர்கள் இன்னும் சேராத நேரம் அது. அந்த நேரத்தில் திரும்பி வரும் முடிவு எடுக்காதீர்கள், கிறிஸ்துமஸ் வரை தள்ளிப் போடுங்கள். ஆனால் தூக்கம், சாப்பாடு கெட்டால், வகுப்புக்கே போக முடியாமல் போனால் அது வேறு, அன்றைக்கே துறைக்கு எழுத வேண்டும். நீங்கள் அங்கே இருக்கும்போதும் இங்குள்ள பல்கலைக்கழகத்தின் மாணவிதான், அவர்களுடைய ஆலோசனைச் சேவை உங்களுக்கும் உரியது.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். "எந்த ஊர்?" என்பார்கள், லண்டன் என்றால், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று இன்னொரு முறை கேட்பார்கள். பெரும்பாலும் ஆர்வம், சில நேரம் அப்படி இல்லை. போனில் அறை இருக்கிறது என்றவர் நேரில் பார்த்ததும் போய்விட்டது என்று சொன்னதாக மாணவிகள் என்னிடம் வந்து அழுததுண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கும் உங்கள் துறைக்கும் எழுத்தில் சொல்லுங்கள், தேதியோடு.

அப்பாவிடம் என்ன கொண்டுபோவது

ஒரு தாள். அதில் அங்குள்ள ஒருங்கிணைப்பாளர் பெயர், இங்குள்ள டியூட்டர் பெயர், இருவரின் எண்களும். ஐரோப்பா முழுக்க அவசர எண் 112. ஸ்பெயினில் பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு 016, கட்டணம் கிடையாது, பல மொழிகளில் பேசலாம். பல்கலைக்கழகத்தின் பயணக் காப்பீட்டு எண். பிரிட்டனின் இலவச சுகாதார அட்டையான ஜிஹெச்ஐசியும் வேண்டும், அரசு மருத்துவமனைக்கு அது உதவும், ஆனால் நோயாளியை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவை ஏற்காது, அதனால்தான் காப்பீடு தனியாக.

சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் விடுங்கள். சட்டப்படி அப்பாவின் அனுமதி வேண்டாம், ஆனால் காகிதப்படி அப்பா வேண்டும். வருமானத்தைப் பொறுத்த கடனுக்கு அவருடைய வருமான விவரம் வேண்டும். ஸ்பெயின் விசாவுக்கு மாதம் 600 யூரோ வீதம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், பத்து மாதத்துக்கு 6,000. கடன், உதவித்தொகைக் கடிதம் போக மிச்சத்துக்கு அவருடைய வங்கி அறிக்கைதான் வழி. கூடவே காவல்துறைச் சான்றிதழ், அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை, டாக்டர் சான்றிதழ், ஸ்பானிஷில் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு. ஒன்று வராமல் அடுத்தது நகராது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். ஜூலையில் தொடங்கியவர்கள் அக்டோபரில் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். போன ஒரு மாதத்துக்குள் அங்கே வெளிநாட்டினர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நேரம் முன்பதிவு கிடைப்பதே ஒரு பாடு, விமானத்திலிருந்து இறங்கிய வாரமே முயலுங்கள்.

நாளைக்கு உங்கள் டியூட்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், நான்கே கேள்வி: ஸ்பானிஷைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்குக் குறைந்தபட்ச வாரம் எத்தனை, அந்த ஆண்டு மதிப்பெண் எப்படிச் சேர்கிறது, ஸ்பெயினில் எந்தெந்த ஊரில் இடம் இருக்கிறது, டூரிங்குக்கு எப்போது விண்ணப்பம். படிவத்துக்கு மூன்று வாரம் என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் என் கைக்கு வந்து எட்டு நாள் ஆகிவிட்டது, ஆக இரண்டு வாரம்கூட இல்லை.